சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்: மீட்பு மென்பொருளா, முதலில் நகலா?

அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்த 1 டிபி லேப்டாப் டிஸ்க், ஒரு ஃபோல்டரைத் திறக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. வேறு நகல் இல்லை. அன்று எனக்குத் தெரிந்த வழிகள் மூன்று: மீட்பு மென்பொருளை நேரே ஓடவிடுவது, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற லினக்ஸ் நிரலால் முழு டிஸ்க்கையும் நகலெடுப்பது, தரவு மீட்பு ஆய்வகத்தில் கொடுப்பது. நான் நகலெடுத்தேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

எதில் இறங்கும் முன்பும், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) விவரத்தைப் பாருங்கள். அதைக் காட்ட கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற விண்டோஸ் மென்பொருள் போதும். அந்தப் பட்டியலில் 199ஆம் எண்ணுள்ள பிழைக் கணக்கு மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, மாற்றிப் பாருங்கள். 5, 197, 198 ஏறினால் கெட்டுக்கொண்டிருப்பது, டிஸ்க்கினுள் தரவு பதியும் தட்டின் பரப்பு. எனக்கு 197 நூற்றுக்கணக்கில் இருந்தது, ஆனால் சத்தம் எதுவும் இல்லை. 'டிக் டிக்' என்று அடித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

ரெகுவா போன்ற மென்பொருள்கள் நல்ல டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததை மீட்க அருமையானவை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் கதை வேறு. அதற்கு இன்னும் எத்தனை முறை வாசிக்கும் தெம்பு மிச்சம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மென்பொருள் தேடுவதற்காக ஒருமுறை முழுக்க வாசிக்கும், கிடைத்ததைச் சேமிக்க மறுபடி வாசிக்கும். கெட்ட இடத்தில் டிஸ்க்கும் விண்டோஸும் விடாமல் முட்டிக்கொண்டே இருக்கும். திருப்தியில்லை என்று இன்னொரு மென்பொருளைப் போட்டால் எல்லாம் முதலிலிருந்து. போதாக்குறைக்கு 'பிழை உள்ளது, சரிசெய்யவா?' என்று விண்டோஸ் கேட்கும். சம்மதித்தால் செக்டிஸ்க் என்ற அதன் பழுதுபார்க்கும் நிரல் அந்த டிஸ்க்கிலேயே எழுதத் தொடங்கிவிடும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் கெட்ட இடங்களில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகிறது. சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொள்கிறது. எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், நிறுத்தி ஆறவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்தடுத்த சுற்றுகளில்தான் மிச்சத்தைச் சுரண்டும். எனக்கு முதல் இரவிலேயே ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது. மீதிச் சில மெகாபைட்டுக்கு இரண்டாம் இரவு முழுக்கப் போனது. அதன்பின் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்று எந்த மீட்பு மென்பொருளை எத்தனை முறை ஓட்டினாலும் தேய்வது நகல்தான். மூல டிஸ்க் மேசை டிராயரில் ஓய்வில் இருக்கும்.

இதற்கான விலை: அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஒரு டிஸ்க், சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவ், டெர்மினலில் கட்டளை தட்டும் பழக்கம் கொஞ்சம். ஆபத்து ஒன்றுதான், அதுவும் பெரியது. கட்டளையில் மூலத்தையும் நகலையும் இடம்மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைத் திரையில் தெரிவதோடு ஒப்பிட்ட பிறகே என்டரைத் தட்டினேன். மேப் கோப்பையும் மூன்றாவதாக ஒரு டிரைவில் வையுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் அப்படியே விட்டால், மின்சாரம் போனதும் அதுவும் போய்விடும்.

ஆய்வகம் பற்றி என் அனுபவம் குறைவு. கீழே விழுந்து 'டிக் டிக்' என்று தட்டத் தொடங்கிய நண்பரின் டிஸ்க் ஒன்றை மட்டும் அருகிலிருந்து பார்த்தேன். பெரும்பகுதி மீண்டது, செலவு ஒரு நல்ல போனின் விலை. கீழே விழுந்தது, சுழலாதது, தட்டுவது எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. வாசிக்கும் முனை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. வீட்டுத் தூசியில் மூடியைத் திறந்தால் தட்டு கீறிப்போகும். ஃப்ரீஸரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை வாங்கி மாற்றுவதும் இப்போதைய டிஸ்க்குகளில் அநேகமாக எடுபடாது. ஒவ்வொரு போர்டிலும் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பதிந்திருக்கும்.

வராமல் போன இடங்களை நகலில் ஓர் அடையாளச் சொல்லால் நிரப்பும் வசதியும் டிடிரெஸ்க்யூவில் உண்டு. பிறகு அந்தச் சொல்லைக் கோப்புகளுக்குள் தேடினால், எவை பழுதானவை என்று தெரிந்துவிடும். எனக்கு இரண்டு வீடியோக்கள் மட்டும் சிக்கின. ஒன்றில் மாலை மாற்றும்போது படம் சில நொடி உறைந்து நிற்கிறது, பிறகு ஓடுகிறது.