கடவுச்சீட்டு விவரம் கசிந்தால் இழப்பீடு: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

விடுதியோ விமான நிறுவனமோ தொலைபேசி நிறுவனமோ தன்னிடம் இருந்த கடவுச்சீட்டு விவரங்கள் களவு போய்விட்டதாக அனுப்பும் மின்னஞ்சலில் வருத்தம் இருக்கும், இலவசக் கண்காணிப்புச் சேவை ஒன்று இருக்கும், இழப்பீடு என்ற சொல் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அதைக் கேட்டுப் பெற நான்கு வழிகள் உள்ளன: நிறுவனத்திடமே எழுத்தில் கோருவது, தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்வது, தனியாக வழக்குத் தொடுப்பது, பாதிக்கப்பட்ட பலரோடு கூட்டு வழக்கில் சேர்வது. இந்த நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று எண்ணிப் பலர் கூட்டு வழக்கு பற்றிய அறிவிப்பு வரும்வரை சும்மா இருந்துவிடுகிறார்கள். என் கருத்தில் அது தவறான தொடக்கம். முதல் இரண்டையும் தாமதமின்றிச் செய்ய வேண்டும். மற்ற இரண்டையும் நேர்ந்த சேதம் எவ்வளவு என்பது தெரிந்தபிறகே முடிவு செய்ய வேண்டும்.

போனது எண் மட்டுமா, முழுப் பக்கமுமா?

எந்த வழியில் சென்றாலும் முதலில் அறிய வேண்டியது, கசிந்தது எது என்பதுதான். 2018 நவம்பரில் மாரியட் விடுதிக் குழுமம் அறிவித்த கசிவில் சுமார் 52.5 லட்சம் கடவுச்சீட்டு எண்கள் மறையாக்கம், அதாவது திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது, செய்யப்படாமலே இருந்தன. மேலும் சுமார் 2 கோடி எண்கள் மறையாக்கத்துடன் இருந்தன. முதல் வகையில் சிக்கியவரின் கோரிக்கைக்கு இரண்டாம் வகையில் சிக்கியவரின் கோரிக்கையைவிட வலு அதிகம். மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபாக்ஸின் 2017-ஆம் ஆண்டுக் கசிவு 14.7 கோடிப் பேரைத் தொட்டது. அவர்களுள் ஏறத்தாழ 3,200 பேரின் கடவுச்சீட்டுப் படங்களே பறிபோயின என்பது மறு ஆண்டில்தான் வெளிவந்தது. படம் போனவரின் நிலை வேறு. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் எல்லையைக் கடக்க முடியாது. ஆனால் புகைப்படம், பிறந்த தேதி, அடியில் உள்ள இயந்திரம் படிக்கும் வரிகள் ஆகியவற்றோடு கூடிய முழுப் பக்கம் கிடைத்தவர், இணையவழியே அடையாளம் சரிபார்க்கும் இடங்களில் மற்றொருவராகத் தோன்ற முயலலாம்.

இதனால் இழப்பும் இரு கூறாகிறது. புதிய கடவுச்சீட்டு வாங்கினால் எண் மாறும். அந்தச் செலவுக்கு ஒரு முடிவு உண்டு. பெயரும் பிறந்த தேதியும் முகமும் மாறுவதில்லை. அவற்றின் மீதான கட்டுப்பாட்டை இழந்தது பல ஆண்டுகளுக்குத் தொடரும். முதல் கூறுக்கு ரசீது இருக்கிறது. இரண்டாம் கூறுக்கு இல்லை. நான்கு வழிகளும் பிரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்பது

செலவில்லாத வழி இது. ரசீதுள்ள இழப்புக்கு மிக விரைவாகப் பணம் வரக்கூடிய வழியும் இதுவே. 2022 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனத்தில் கசிவு நேர்ந்தபோது, புதிய கடவுச்சீட்டுக்கான செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என அந்நாட்டு அரசு வெளிப்படையாக வலியுறுத்தியது, நிறுவனமும் இணங்கியது. மாரியட்டின் வாக்குறுதி இதைவிடக் குறுகியது: கசிவினால் மோசடி நடந்ததாகத் தெரியவந்தால்தான் புதிய கடவுச்சீட்டின் செலவைத் தருவோம் என்றது. மோசடி நடக்கும்வரை காத்திருந்து, அது இந்தக் கசிவிலிருந்துதான் வந்தது என்று பயணியே காட்ட வேண்டும் என்பது ஏறத்தாழ நிறைவேற்ற முடியாத நிபந்தனை. ஆகவே நிறுவனம் ஏதோ தருவதாகச் சொல்லியிருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், எந்த நிபந்தனையின்பேரில் தருகிறது என்பதையும் படிக்க வேண்டும்.

கேட்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்பது பெரும்பாலோர் செய்யும் பிழை. புகைப்படச் செலவு, அலுவலகத்துக்குச் சென்றுவந்த செலவு, அதற்காக இழந்த ஊதியம், பழைய எண்ணில் பதிந்துள்ள விசாவையோ வதிவிட அனுமதியையோ புதிய எண்ணுக்கு மாற்றும் கட்டணம் ஆகிய அனைத்தும் அதே கசிவின் விளைவுகளே. பல நாடுகளின் நீண்டகால விசா வைத்திருப்பவருக்குக் கடவுச்சீட்டுக் கட்டணத்தைவிட இந்த மாற்றங்களே பெருஞ்செலவாக முடியலாம்.

நிறுவனம் சொல்லும் மறுப்பையும் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். ஆப்டஸ் கசிவின்போது ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டுத் துறை, விவரம் கசிந்த கடவுச்சீட்டைக் கொண்டு வெளிநாட்டுப் பயணம் செய்வது பாதுகாப்பானதே என்று அறிவித்தது. இத்தகைய அறிவிப்பு வந்தால், மாற்ற வேண்டிய தேவையே இல்லாதபோது நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று நிறுவனம் கேட்கும். அந்த அறிவிப்பு எல்லையைக் கடப்பதைப் பற்றியது, தொலைவிலிருந்து அடையாளத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பற்றியது அன்று என்பதே அதற்குரிய பதில். கூடுமானால், புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதி, செலவை ஏற்கும் ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். காலாவதியாகச் சில மாதங்களே உள்ள கடவுச்சீட்டுக்கு முழுக் கட்டணத்தைக் கேட்பது பலவீனமான கோரிக்கை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

தவறு எங்களுடையதன்று, எங்களுக்கு மென்பொருள் வழங்கிய நிறுவனத்துடையது என்ற பதிலும் வரும். 2021-இல் ஏர் இந்தியா பயணிகள் 45 லட்சம் பேரின் விவரங்கள், கடவுச்சீட்டு விவரங்கள் உட்பட, கசிந்தது அதன் பயணிகள் சேவை அமைப்பை நடத்திவந்த சீட்டா நிறுவனத்தின் வழியாகத்தான். ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 82-ஆம் பிரிவின்படி, சேதத்துக்குப் பொறுப்பான ஒவ்வொருவரும் முழுச் சேதத்துக்கும் பொறுப்பாவார். அவர்கள் தமக்குள் பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. அச்சட்டம் செல்லும் இடங்களில் பாதிக்கப்பட்டவர் தாம் விவரம் கொடுத்த நிறுவனத்தையே கேட்கலாம்.

இந்த வழியின் குறை, ரசீதில்லாத இழப்புக்கு நிறுவனங்கள் தாமாக முன்வந்து பணம் தருவது அரிது என்பது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. சிறு தொகையைத் தரும்போது, இனி இந்தக் கசிவு தொடர்பாக எந்த உரிமையும் கோர மாட்டேன் என்ற வாசகத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். கட்டணம் திரும்பக் கிடைக்கிறதே என்று அதில் ஒப்பமிடுபவர், அடுத்த ஆண்டு தம் பெயரில் யாரோ கடன் வாங்கினால் கேட்கும் உரிமையையும் சேர்த்தே விட்டுவிடுகிறார். பெற்ற தொகை இன்ன செலவுக்கு மட்டும் என்று எழுதி ஒப்பமிட இடம் கொடுத்தாலொழிய, அந்தத் தாளை ஏற்கக் கூடாது.

ஆணையத்திடம் செல்வது

ஆணையம் விதிக்கும் அபராதத்தையும் பாதிக்கப்பட்டவர் பெறும் இழப்பீட்டையும் ஒன்றெனக் கருதும் குழப்பம் பரவலாக உள்ளது. மாரியட் மீது பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 அக்டோபரில் விதித்த 1.84 கோடி பவுண்டு அபராதத்தில் ஒரு பென்னிகூட எந்த விருந்தினருக்கும் செல்லவில்லை. அந்த அலுவலகத்துக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரமே இல்லை. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமளித்தாலும், அத்தொகை அரசின் தொகுப்பு நிதிக்கே போகிறது. அலட்சியத்துக்காக நிறுவனங்களிடம் இழப்பீடு கோர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் அதே சட்டத்தில் விதி உள்ளது. தனிமனிதரின் இழப்பை இப்படி ஓரங்கட்டுவது பெரும் குறை என்றே நான் கருதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் நிலை வேறு. அங்குத் தகவல் ஆணையரே இழப்பீட்டுக்கு உத்தரவிட முடியும். 2014 பிப்ரவரியில் குடிவரவுத் தடுப்புக்காவலில் இருந்த 9,251 பேரின் விவரங்களை அரசுத் துறையே தவறுதலாக இணையத்தில் வெளியிட்டது. 2021 ஜனவரியில் ஆணையர் அளித்த முடிவு, தமக்கு நேர்ந்ததை எழுதிச் சமர்ப்பித்தவர்களுக்குப் பண நட்டம் அல்லாத பாதிப்பின் கடுமைக்கேற்ப 500 டாலரிலிருந்து 20,000 டாலருக்கும் மேல் வரை படிநிலைகளை வகுத்தது. அதே கசிவில் சிக்கியும் எதையும் எழுதிக்கொடுக்காதவர்களுக்குத் தொகை இல்லை. எழுத்தில் பதிவு செய்வதன் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் முடிவை நான் அறியேன்.

இழப்பீட்டு அதிகாரம் இல்லாத ஆணையத்திடமும் புகார் செய்வது வீண் அன்று. பூட்டில்லாத கிடங்கில் விவரங்களை வைத்திருந்தார்கள் என்பதைத் தனிமனிதர் தம் செலவில் நிறுவுவது கடினம். ஆணையத்தின் விசாரணை அதைக் கட்டணமின்றி வெளிக்கொணர்கிறது, பின்னாளில் வழக்கு வந்தால் அந்த முடிவே சான்றாகிறது. மெதுவான வழி இது, ஆண்டுகள் ஆகலாம்.

தனி வழக்கு

ரசீதில்லாத இழப்புக்கு நீதிமன்றம் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 மே மாதத்தில், சட்டமீறல் நடந்தது என்பது மட்டும் போதாது, சேதமும் இருக்க வேண்டும், ஆனால் அச்சேதம் இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்ற வரம்பு இல்லை என்று கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் பல்கேரிய வருவாய்த் துறைக் கசிவு வழக்கில், விவரம் தவறாகப் பயன்படுத்தப்படுமோ என்ற அச்சமே சேதமாகலாம் என்றும், பாதுகாப்பு ஏற்பாடு தக்கதாக இருந்தது என்று நிறுவும் பொறுப்பு தரவை வைத்திருந்தவருடையது என்றும், ஊடுருவியவர் மூன்றாமவர் என்பதாலேயே பொறுப்பு நீங்கிவிடாது என்றும் தீர்ப்பளித்தது. 2024 ஜனவரியில் இதற்கு ஓர் எல்லையும் வந்தது: வெறும் கற்பனையான ஆபத்துக்கு இழப்பீடு இல்லை. சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் மன உளைச்சலையும் இழப்பாக ஏற்றது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கடுமை வரம்பு தேவையில்லை என்று சொன்னாலும், அச்சம் நியாயமான அடிப்படை உடையதாக இருக்க வேண்டும் என்றது.

தத்துவம் தாராளமானது; தொகை அப்படி அன்று. ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2024 நவம்பரில் ஃபேஸ்புக் பயனர் விவரக் கசிவு வழக்கில், விவரத்தின் மீதான கட்டுப்பாட்டை இழந்ததே சேதம்தான் என ஏற்றுக்கொண்டு, அதற்கு 100 யூரோ அளவிலான தொகை பொருத்தமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டியது. நூறு யூரோவுக்காக வழக்கறிஞர் வைத்து வழக்காடுவது எவருக்கும் கட்டுப்படியாகாது. எனவே தனி வழக்கு, கடவுச்சீட்டுப் படத்தைக் கொண்டு தம் பெயரில் கணக்கு திறக்கப்பட்டவருக்கும், ஒடுக்குமுறை அரசிடமிருந்தோ வன்முறை செய்பவரிடமிருந்தோ மறைந்து வாழ்வதால் அடையாளமும் இருப்பிடமும் வெளிப்பட்டதே உயிராபத்தாக முடியக்கூடியவருக்கும் உரியது. அவர்களுக்கு இது பொருத்தமான வழி; மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அன்று.

கூட்டு வழக்கு

கையிலிருந்து செலவு இல்லை, பெரிய உழைப்பும் இல்லை. ஆனால் பலரும் எண்ணுவதுபோல் உறுதியான தொகையும் இல்லை. ஈக்விஃபாக்ஸ் வழக்கின் 2019-ஆம் ஆண்டுச் சமரசத்தில் 125 டாலர் ரொக்கம் என்ற செய்தி பரவியது; அதற்கென ஒதுக்கியிருந்ததோ 3.1 கோடி டாலர். எதிர்பார்த்ததைவிட மிகப் பலர் விண்ணப்பித்ததால், தலைக்கு மிகச் சிறு தொகையே வரும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமே எச்சரிக்க நேர்ந்தது. அதே சமரசத்தில், செலவழித்த நேரத்துக்கு மணிக்கு 25 டாலர் வீதம் கோரவும், ரசீதுள்ள நட்டத்தைத் தனியே கோரவும் இடமிருந்தது. ஒரே சமரசத்துக்குள்ளும் குறிப்பு எழுதி வைத்திருந்தவருக்கே கூடுதலாகக் கேட்க வழி இருந்தது.

எல்லோருக்கும் ஒரே தொகை என்று கேட்பதற்கும் தடைகள் உள்ளன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல், ஈக்விஃபாக்ஸைப் போன்ற கடன் தகவல் நிறுவனமான டிரான்ஸ்யூனியன் மீதான வழக்கில், 8,185 பேர் கொண்ட குழுவில் தம்மைப் பற்றிய தவறான கடன் அறிக்கை மூன்றாமவருக்குச் சென்றிருந்த 1,853 பேருக்கு மட்டுமே வழக்காடும் தகுதி உண்டு என்றது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் கூகுள் மீது கொண்டுவரப்பட்ட கோரிக்கையை, ஒவ்வொருவரின் சேதமும் நிறுவப்படவில்லை என்று நிராகரித்தது.

ரசீதுள்ள நட்டம் ஏதுமின்றி, கட்டுப்பாட்டை இழந்த கவலை மட்டும் உள்ளவருக்கு இந்த வழியில் சேர்வதே அறிவுடைமை. மோசடியில் பெரும் பணம் இழந்தவர், விலகும் கெடு முடிவதற்குள் குழுவிலிருந்து விலகிக்கொள்வது பற்றி வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். விலகாதவரைச் சமரசம் கட்டுப்படுத்திவிடும். சமரசத்தின் பெயரில் வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீதிமன்ற அறிவிப்பில் குறிப்பிட்ட தளத்தைத் தாமே தேடிச் செல்ல வேண்டும். இழப்பீடு தருகிறோம் என்று சொல்லி மீண்டும் கடவுச்சீட்டுப் பக்கத்தின் படத்தைக் கேட்பவர்கள், முதல் களவில் விடுபட்டதைப் பறிக்க வருபவர்களாக இருக்கலாம்.

கெடுக்களும் ஒன்றுபோல் இல்லை. இங்கிலாந்தில் தரவுப் பாதுகாப்பு வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டுகள் உண்டு. ஆஸ்திரேலிய ஆணையர், தெரியவந்து 12 மாதங்கள் கடந்த புகாரை ஏற்க மறுக்கலாம். சமரசத் தொகைக்கான விண்ணப்பமோ சில மாதங்களில் முடிந்துவிடும். நிறுவனத்திடம் எந்தெந்த விவரம் கசிந்தது என்று எழுதிக் கேட்கும் கடிதத்துக்கு ஐரோப்பிய ஒழுங்குமுறையின்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பதில் தர வேண்டும் என்பதால், அறிவிப்பு வந்த வாரத்திலேயே அந்தக் கடிதத்தை அனுப்பி, அன்றிலிருந்து செலவழியும் ஒவ்வொரு மணி நேரத்தையும் தேதியிட்டுக் குறித்துவைக்கலாம்.