நீலப் பியோனி விதை: ஒரு நட்சத்திரம், அதுவும் முளைத்ததற்கு

பியோனி என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் விதை என்று நம்பி மச்சாள் இணையத்தில் வாங்கிய பொட்டலம் இது. 20 விதை, 850 ரூபாய், தபால் செலவு வேறு. விற்றவர் பெயரை விட்டுவிடுகிறேன். இதே படத்தைப் போட்டு இன்னும் எத்தனையோ பேர் விற்கிறார்கள். படத்தில் முட்டைக்கோவாவைப் போல இதழ் அடுக்கிய, பளீர் நீலப் பூ. பியோனியில் வெள்ளை, இளஞ்சிவப்பு, கடுஞ்சிவப்பு, மஞ்சள் எல்லாம் உண்டு. நீலம் கிடையாது. அங்கேயே விசயம் முடிந்தது, ஆனாலும் காசு கட்டியாயிற்று.

பிரித்து உள்ளங்கையில் கொட்டினால் கடுகைவிடப் பொடியான கறுப்பு மணிகள். ஊதினால் பறக்கும். உண்மையான பியோனி விதை மிளகைவிடப் பெரிது, கறுத்து மினுங்கும். அவசரப்படாத சாதியும்கூட: சூடான காலத்தில் மண்ணுக்குள் வேரை மட்டும் விட்டு, ஒரு குளிர்காலம் கழிந்த பிறகுதான் இலையை வெளியே காட்டும். பூப்பதற்கு நாலைந்து வருடம் போகும். இதுவோ தும்புச்சோற்றில் (தேங்காய் நாரின் தூளில்) தூவி ஒரு வாரத்துக்குள் கும்பலாகக் கிளம்பிவிட்டது. மாமி குனிந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மணந்து பார்த்தார். "பிள்ளை, இது கீரையடி. இன்னும் கொஞ்சம் வளரட்டும், பருப்போட போடலாம்."

சரி, நல்ல விதையே வந்திருந்தால்? கிளிநொச்சியில் அப்போதும் சரிவராது. பியோனி குளிர்காலத்தில் உறங்கி எழும்பினால்தான் மொட்டு வைக்கும். ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே 500 முதல் 1000 மணித்தியாலம் வேண்டும் என்பார்கள். எங்களுக்கு மார்கழி இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நுவரெலியாவில் தை மாதத்துச் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும், ஆனால் அந்தக் குளிரும் வாரக்கணக்கில் நிற்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் பியோனிக் கிழங்கை வைத்து ஏமாற்றலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் கிழங்கைத் தோண்டுவதா? இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு பூக்காமல் நிற்கிற செடி அது.

இந்த ஆசையே மச்சாளுக்கு ரொறன்ரோவில் இருக்கும் அக்காவால் வந்தது. அவர் விதையே போடவில்லை. மூன்று நாலு முளைக்கண் உள்ள கிழங்குத் துண்டை இலையுதிர் காலத்தில், கண்ணுக்கு மேல் இரண்டு அங்குல மண்ணுக்கு மிஞ்சாமல் நட்டார். ஆழமாகப் புதைத்தால் இலை மட்டும்தான். மூன்றாம் வருடம் ஆனி மாதத்தில் பூத்தது. மொட்டில் எறும்பு ஏறினாலும் விட்டுவிடலாமாம், இனிப்புக்காக வருகிறது. "ஒரு துண்டைப் பையில் போட்டுக் கொண்டு வாங்கோ" என்று மச்சாள் கேட்டாள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அப்படிக் கொண்டுவர முடியாது; இலங்கையில் 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

850 ரூபாயை வேறு எங்கே போடலாம் என்றால், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, பெயர்ப்பலகைகூட இல்லாத பூக்கண்டுக் கடை ஒன்றில். அடுக்கிதழ் அடீனியம் (பாலைவன ரோசா), ஒட்டுக்கண்டு. எங்கள் வெயில் அதற்குத் திருவிழா. பாதி மணல், மீதி தும்புச்சோறும் மக்கிய மாட்டெருவும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள சாடியில் வைத்தால் போதும். கார்த்திகை மழை தொடங்கியதும் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கிழங்கு அழுகும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளையைக் கிள்ளாமல் விட்டால் அடுக்குப் பூ போய் ஒற்றைப் பூதான் மிஞ்சும்; கடைக்கார அண்ணை இதைக் கேட்காமலே சொல்லித் தந்தார். அடுக்குக் காசித்தும்பையும் அங்கே உண்டு, அது இன்னும் மலிவு, விதை சேர்த்து அடுத்தமுறையும் போடலாம்.

குறை என்றால், சாடி விலை கொஞ்சம் கூட. கண்டைப் பூவோடு பார்த்தே வாங்குங்கள், பூக்காத கண்டை வாங்கினால் நினைத்த நிறம் வராமல் போக வாய்ப்புண்டு. சில்லறைக் காசு கொண்டு போங்கள்.