சென்சார் இரண்டு மாற்றினேன், பழுது எர்த் வயரில் இருந்தது: டீசல் லோடு வண்டியோடு எட்டாவது வருடம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றி நெய்வேலி, பண்ருட்டி, பாண்டி என்று ஓடுகிற வண்டி என்னுடையது. 2018-இல் வாங்கினேன். பிஎஸ்4 மாசு விதிப்படி வந்த காமன் ரெயில் டீசல்: பம்ப் அடிக்கும் டீசல் பெரும் அழுத்தத்தில் ‘ரெயில்’ என்ற ஒரே குழாயில் சேர்ந்து, அங்கிருந்து எல்லா சிலிண்டருக்கும் போகும். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் பட்ட பாடு எந்த கம்பெனி வண்டிக்கும் வரக்கூடியது, ஒருவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இழுவை, மைலேஜ் இரண்டிலும் திருப்திதான். கிளட்ச் பிளேட் ஒரு முறை, பின்பக்க ஸ்பிரிங் பட்டை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். ஐஸ் பெட்டியோடு ஓடும் வண்டிக்கு அது சாதாரணம். நாலு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு வயர்தான்.

மீன் வண்டிக்கு இரண்டு பக்கமும் உப்பு. கடற்கரைக் காற்றில் ஒரு உப்பு, உருகும் ஐஸோடு சேர்ந்து ஒழுகும் மீன் தண்ணீரில் இன்னொரு உப்பு. என் வண்டியில் என்ஜின் கேபினுக்கு அடியில் இருக்கிறது. பாடியின் முன்பலகை வழியாக வழியும் தண்ணீர் நேராக வயரிங் கட்டின் மேல்தான் சொட்டும். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரை கடந்தது. பாண்டியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளெல்லாம் மூழ்கின. வண்டி நின்ற இடத்தில் சக்கரத்தின் பாதி வரை தண்ணீர். என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை. ஆயில் பார்த்தேன், ஏர் ஃபில்டர் கழற்றிப் பார்த்தேன், எல்லாம் சுத்தம். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஜனவரி நடுவில் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்காது. நாலைந்து சுற்று கூடுதலாகச் சுற்றிப் பிடிக்கும். பிடித்த பிறகு ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடும்போது, நடுக்கம். ரோட்டில் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் செக் லைட் எரியும், வண்டி பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல நின்றுவிடும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தாலும் ஏறாது. ஓரம் கட்டி, சாவியை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இதைத்தான் லிம்ப் மோடு என்கிறார்கள். சென்சாரிலிருந்து சந்தேகமான தகவல் வந்தால், என்ஜினைக் காப்பாற்ற ஈசியூ என்கிற என்ஜின் கம்ப்யூட்டர் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

மீன் லோடோடு வழியில் நிற்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஐந்து மணிக்குள் ஏலக்கடைக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த நாள் விலையே போச்சு.

முதலில் போன பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். பி0193 என்ற பழுதுக் கோடு (code) வந்தது. ரெயிலில் இருக்கும் டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரின் சிக்னல் இருக்க வேண்டிய அளவுக்கு மேலே போகிறது என்று அதற்குப் பொருள். உடனே சென்சார் போச்சு என்று முடிவு கட்டினார்கள். 3,800 ரூபாய் கொடுத்து மாற்றினேன். பத்து நாள் நன்றாக ஓடியது. கழற்றி மாட்டும்போது வயர் அசைந்து தற்காலிகமாகச் சேர்ந்திருக்கிறது என்பது இப்போது புரிகிறது. பதினோராவது நாள் கண்டரக்கோட்டை தாண்டியதும் மறுபடி அதே கதை. டூப்ளிகேட் சென்சாராக இருக்கும் என்று இரண்டாவது பட்டறையில் சொல்லி ஒரிஜினல் ஒன்றைப் போட்டார்கள். அதுவும் ஒரு வாரம்தான். மூன்றாவதாக, ஏப்ரல் தொடக்கத்தில், ஹை பிரஷர் பம்ப்பையே மாற்ற வேண்டும், 45,000 ஆகும் என்றார்கள். அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வண்டிக்கும் ஓட்டம் குறைவு. பாண்டி அரியாங்குப்பம் பக்கம் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். படகு என்ஜினுக்கும் வயரிங் பார்ப்பவர். அவரிடம் போனேன். பழைய சென்சார் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். தூக்கிப் போட்டுடாத” என்றார். வண்டியை இன்னும் பார்க்கவே இல்லை. கோடு வந்த விதத்தைக் கேட்டே சொல்லிவிட்டார்.

அவர் சொல்லிக் கொடுத்ததையும் பிறகு நானே அளந்து கற்றதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கோடு வந்தால் பலரும் செய்வது சென்சார் மாற்றுவதுதான்.

ரெயில் பிரஷர் சென்சாருக்கு மூன்று வயர். ஒன்றில் ஈசியூ 5 வோல்ட் அனுப்புகிறது. ஒன்று எர்த், கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. இன்னொன்று சிக்னல். அழுத்தமே இல்லாதபோது சிக்னலில் சுமார் 0.5 வோல்ட், உச்சத்தில் 4.5 வோல்ட். என் வண்டியில் உச்சம் 1,800 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). ஆக ஒரு வோல்ட்டுக்கு 450 பார். டயருக்கு நாம் அடிக்கும் காற்று பத்து பார் கூட வராது, அதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அழுத்தம் என்று தெரியும். அதனால்தான் ஓடும் என்ஜினில் ரெயில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வித்தையை இந்த என்ஜினில் யாரும் செய்யக்கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கை போய்விடக்கூடிய காயம் அது.

முதல் அளவு மிகச் சுலபமானது. இரவெல்லாம் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் ரெயில் பிரஷரைப் பார்க்க வேண்டும். ரெயிலில் அழுத்தம் எதுவும் இருக்காது, ஆகவே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். என் வண்டியில் 160 பார் காட்டியது! நிற்கிற என்ஜினில் 160 பார் எங்கிருந்து வரும்? சிக்னல் வயரில் மீட்டர் வைத்தால் 0.86 வோல்ட். புது சென்சார், பழைய சென்சார் எதை மாட்டினாலும் அதே எண். மூன்று சென்சாரும் ஒரே பொய்யைச் சொன்னால் பொய் சென்சாரில் இல்லை.

முதல் இரண்டு பட்டறையிலும் வயரைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள். சென்சாரில் வயரை மாட்டும் கப்ளரைக் கழற்றி, 5 வோல்ட் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்தார்கள். 5.0 காட்டியது. சிக்னல் வயரிலும் ஈசியூ உள்ளிருந்து கொடுக்கும் 5 வோல்ட் வந்தது. “வயர் நல்லா இருக்குண்ணா” என்றார்கள். பார்த்தவர்கள் ஏமாந்தது இங்கேதான். கப்ளர் கழன்றிருக்கும்போது வயரில் கரண்ட் ஓடுவதில்லை. கரண்ட் ஓடாத வயரில், அது ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தாலும், மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். மாட்டிய பிறகுதான் கரண்ட் ஓடும், அப்போதுதான் வயரின் பலவீனம் தெரியும்.

பெரியவர் கப்ளரைக் கழற்றவில்லை. மாட்டியபடியே, வயர் கப்ளருக்குள் நுழையும் பின்பக்கம் வழியாக ரப்பர் சீலை ஒட்டி மெல்லிய ஊசியை நுழைத்தார். மீட்டரின் ஒரு முனை எர்த் பின்னில், மறுமுனை பேட்டரி நெகட்டிவில். சாவி ஆன். இரண்டும் எர்த்தானே, கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 0.40 வோல்ட். அப்புறம் வயரிங் கட்டைக் கையால் பிடித்து, கப்ளரிலிருந்து பின்னோக்கி ஒரு சாண், ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போனார். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடி முன்பலகைக்கு நேர் கீழே ஒரு இடத்தில் கை பட்டதும் 0.40 என்பது 1, 3, 4 என்று குதித்தது. “இங்கதான்” என்று அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

எர்த்தில் 0.40 வோல்ட் ஏறி நின்றால் என்ன ஆகும் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், எல்லாத் தொல்லைக்கும் காரணம் கிடைத்தது. சென்சாருக்குக் கிடைப்பது 5-க்குப் பதில் 4.6 வோல்ட். அழுத்தம் இல்லாதபோது சென்சார் கொடுப்பது அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.46. அதோடு ஏறி நிற்கும் 0.40-ஐச் சேர்த்தால் 0.86. மீட்டர் காட்டிய அதே எண். ஈசியூ இதை 160 பார் என்று நம்புகிறது. ஐடிலிங்கில் 290 பார் வேண்டும் என்றால் உண்மையில் 140 பார்கூட வராத நிலையிலேயே போதும் என்று பம்ப்பை அடக்குகிறது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகாததும் ஐடிலிங் நடுக்கமும் அதனால்தான். அழுத்தம் ஏற ஏற இந்தப் பிழை சுருங்குகிறது, ஆகவே ரோட்டில் ஓடும்போது பெரிதாகத் தெரியவில்லை. பள்ளத்தில் விழுந்து வயர் முழுசாக விடும் நொடியில் சிக்னல் 5 வோல்ட்டுக்குத் தாவும், கோடு விழும், லிம்ப் மோடு. பம்ப் பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

டேப்பைப் பிரித்தோம். மேலே புதிது போல இருந்த டேப் உள்ளே பிசுபிசுத்துக் கிடந்தது. அதற்குள் இரண்டு வயரை முறுக்கிச் சுற்றிய ஒரு பழைய ஜாயிண்ட். 2022-இல் எலி கடித்தபோது ஒரு கடையில் அவசரத்துக்குப் போட்டது, எனக்கு அது மறந்தே போயிருந்தது. செம்பு இழை எல்லாம் களிம்பு பிடித்து பச்சைப் பொடியாக உதிர்ந்தது. மொத்தம் நாலு இழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. இரண்டு முனைக்கும் நடுவே மின்தடை அளந்தால் 38 ஓம். ஒன்றுகூட வரக்கூடாத இடம் அது. இரண்டு வருடம் தாக்குப்பிடித்த ஜாயிண்ட், வெள்ளத்தில் ஊறி, பிறகு தினமும் உப்புத் தண்ணீர் குடித்து இந்தக் கதிக்கு வந்திருக்கிறது.

சரி செய்த விதம்: கருத்த செம்பு முழுக்கப் போய், பளபளப்பான செம்பு வரும் வரை இரண்டு பக்கமும் வெட்டினார். ஒரு பக்கம் 12 செ.மீ. போயிற்று. களிம்பு வயருக்குள்ளேயே ஊர்ந்து போயிருந்தது. அதே கனத்தில் புது வயர் துண்டு, நசுக்கி இணைக்கும் கிரிம்ப் ஜாயிண்ட், மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும், உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஈயம் வைத்துப் பற்ற வைக்கலாமே என்று கேட்டேன். அதிரும் இடத்தில் ஈயம் முடியும் விளிம்பில் வயர் விறைத்து ஒடியும் என்றார். ஜாயிண்டை சொட்டும் இடத்திலிருந்து நகர்த்தி மேலே கட்டினார். கப்ளருக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தார், ஓடி வரும் தண்ணீர் கப்ளருக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பாடி முன்பலகையில் ஒரு ரப்பர் பட்டி அடித்தது என் யோசனை. சாமானுக்கு 250 ரூபாய்கூட ஆகவில்லை. கூலியை அவர் 600 மட்டும் வாங்கினார், எனக்கு மனசு கேட்கவில்லை, வஞ்சிரம் ஒன்று கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றே 900 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டரும் 1,200 ரூபாய்க்கு போனில் பார்க்கும் சின்ன ஸ்கேனரும் வாங்கினேன். வண்டி வைத்திருக்கும் எல்லோரும் இவை இரண்டையும் வாங்க வேண்டும் என்பேன். ஸ்கேனர் சில வண்டியில் பாருக்குப் பதில் கிலோபாஸ்கலில் காட்டும். 30,000 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது 300 பார்தான். பழைய பழக்கத்தில் டெஸ்ட் லாம்ப்பை இந்த வயரில் வைத்துவிடாதீர்கள், பல்பு இழுக்கும் கரண்டை ஈசியூவின் 5 வோல்ட் லைன் தாங்காது. சென்சாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பதும் கூடாது. வயரின் தோலை ஊசியால் குத்தி அளப்பதையும் விட்டுவிடுங்கள். உப்புக்காற்று ஊரில் அந்த ஊசித் துளையே அடுத்த களிம்புக்கு வாசல்.

2025 ஜூன் 15-க்குப் பிறகு வண்டி 34,000 கி.மீ. ஓடிவிட்டது. நடுவில் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுசாகப் போனது. செக் லைட் ஒரு முறைகூட எரியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவி மட்டும் போட்டு எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். பூஜ்யம், சில நாள் 2, அதிகபட்சம் 4 பார். எர்த்தில் 0.01 வோல்ட். மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடியிருக்கிறது. கழற்றிய இரண்டு சென்சாரும் நல்ல நிலையில் டேஷ்போர்டில் இருக்கின்றன, தெரிந்த வண்டிக்காரர் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்.

வரும் தடைக்காலத்துக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் பிரஷர் சென்சாரின் வயரிலும் அதே எலி கடித்த நாளில், அதே கடையில் சுற்றிய டேப் தெரிகிறது. இப்போதைக்கு அளவு சரியாகத்தான் வருகிறது. இருந்தாலும் படகுகள் கரையேறும் வாரத்திலேயே அதைப் பிரித்துவிடுவேன்.