1974இன் இரட்டையர்: வாஷிங்டன் கேப்பிடல்ஸா, கன்சாஸ் சிட்டி ஸ்கௌட்ஸா?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல் வரலாற்றிலேயே மோசமான அணி எது என்று கேட்டால், ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் பெரும்பாலும் 1974-75 வாஷிங்டன் கேப்பிடல்ஸைத்தான் கைகாட்டுவார்கள். 80 ஆட்டங்களில் 8 வெற்றி, 67 தோல்வி, 5 டிரா, மொத்தம் 21 புள்ளி. அதுதான் அவர்களுக்கு முதல் சீசன். அவர்களோடு அதே ஆண்டு, அதே 60 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கட்டி லீக்குக்குப் புதிதாக வந்த கன்சாஸ் சிட்டி ஸ்கௌட்ஸ் 15 ஆட்டம் ஜெயித்து 41 புள்ளி எடுத்தது. பட்டியலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருந்தாலும் இரண்டில் பலவீனமாகத் தொடங்கியது கன்சாஸ் சிட்டிதான் என்பது என் கட்சி.

முதலில் பொதுவான கஷ்டம். அப்போதிருந்த 16 அணிகளும் ஆளுக்கு 15 ஆட்டக்காரர்களையும் 2 கோல்கீப்பர்களையும் தமக்கென ஒதுக்கிக்கொண்டன. மிஞ்சியவர்களில் இருந்துதான் புதியவர்கள் அணிக்கு 24 பேரைப் பொறுக்க வேண்டும். 1972இல் தொடங்கிய போட்டி லீக்கான டபிள்யூ.எச்.ஏ வேறு கூடுதல் சம்பளம் காட்டி ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தது. பந்தி முடிந்த பிறகு இலையில் உட்கார்ந்த நிலைமை. 2017இல் வேகாஸ் என்ற புதிய அணி வந்தபோது பழைய அணிகள் 7 ஃபார்வர்டு, 3 டிஃபென்ஸ், 1 கோல்கீப்பர் என்ற அளவில்தான் காக்க முடிந்தது; வேகாஸ் முதல் ஆண்டிலேயே இறுதிச்சுற்றுக்குப் போனது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 1974 ஆட்டக்காரர்களைக் கேலி செய்வது நியாயமே இல்லை.

இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் இளைஞர் டிராஃப்டில் முதல் வாய்ப்பு வாஷிங்டனுக்கு. டிஃபென்ஸ் ஆட்டக்காரர் கிரெக் ஜோலியை எடுத்தார்கள். அடுத்த வாய்ப்பில் கன்சாஸ் சிட்டி எடுத்த வில்ஃப் பெய்மென்ட் முதல் சீசனிலேயே 26 கோல் போட்டார். ஆள் தேர்வில் கன்சாஸ் சிட்டி தெளிவாக முந்தியது.

களத்தில் கோல் போடுவதில் இரண்டும் ஒன்றுதான்: வாஷிங்டன் 181, கன்சாஸ் சிட்டி 184. வாங்கியதில்தான் பள்ளம். கன்சாஸ் சிட்டி 328, வாஷிங்டன் 446. ஆட்டத்துக்கு ஐந்தரைக்கும் மேல்! அந்த எட்டு வெற்றியும் ரான் லோ கோல்கீப்பராக நின்ற ஆட்டங்களில் வந்தவை. இன்னொரு கோல்கீப்பர் மிஷெல் பெல்யுமருக்கு 24 தோல்வி, 3 டிரா, வெற்றி ஒன்றுகூட இல்லை. ஒரே சீசனில் மூன்று பயிற்சியாளர்கள். கடைசியில் பொது மேலாளர் மில்ட் ஷ்மிட்டே அந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டியதாயிற்று.

வெளியூரில் தொடர்ந்து 37 தோல்வி. 1975 மார்ச் 28 அன்று ஓக்லாந்தில் கலிஃபோர்னியா அணியை 5-3 என்று வென்றார்கள். உடைமாற்றும் அறையில் இருந்த குப்பைத்தொட்டியில் ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, லீக்கின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்குவதுபோலத் தலைக்கு மேல் தூக்கி ஊர்வலம் போனார்கள். இத்தனை அடி வாங்கியும் அந்த அறையில் ஒற்றுமை குலையவில்லை என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கன்சாஸ் சிட்டியின் தொல்லை வேறு. அவர்களுடைய உள்ளூர் அரங்கமான கெம்பர் அரங்கில் ரோடியோ (குதிரை, மாடு அடக்கும் போட்டி) போன்ற நிகழ்ச்சிகள் நடந்ததால் முதல் எட்டு ஆட்டங்களையும் வெளியூரிலேயே ஆடினார்கள். முதல் வெற்றி கிடைத்ததும் வாஷிங்டனில்தான், 5-4. சுமார் 17,000 பேர் உட்காரும் அரங்கில் பாதி நிரம்பினாலே பெரிது. பல முதலீட்டாளர்கள் சேர்ந்து நடத்திய அணி அது. நஷ்டத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு பெரிய கை இல்லை. இரண்டாம் ஆண்டில் 36 ஆட்டம் முடிந்தபோது 11 வெற்றியோடு மோசமில்லாமல்தான் இருந்தார்கள். மீதி 44 ஆட்டங்களில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. அப்படியும் 36 புள்ளி. வாஷிங்டனுக்கு அந்த ஆண்டு 32தான். ஆக, இரண்டு ஆண்டும் பட்டியலில் மேலே இருந்த அணிதான் 1976இல் ஊரைக் காலி செய்து டென்வருக்குப் போனது.

வாஷிங்டன் ஏன் போகவில்லை? உரிமையாளர் ஏப் போலின். வாஷிங்டனை அடுத்த லேண்டோவரில் அணி ஆடிய கேப்பிடல் சென்டர் அரங்கைக் கட்டியவர் அவர். கூடைப்பந்தில் புல்லட்ஸ் அணியும் அவருடையது. அரங்கும் அணியும் ஒரே ஆளிடம் இருக்கும்போது, ஹாக்கி இல்லாவிட்டால் அத்தனை இரவுகளும் அரங்கு சும்மா கிடக்கும். அதனால் அவருக்கு நஷ்டத்தைப் பொறுக்கக் காரணம் இருந்தது. மூன்றாம் ஆண்டில் 62 புள்ளி வந்தது. அவர் பொறுமையும் 1982இல் ஆட்டம் கண்டது உண்மைதான். அணியைக் காப்பாற்ற ரசிகர்கள் இயக்கமே நடத்தினார்கள். அதே ஆண்டு மாண்ட்ரியலிலிருந்து டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ராட் லாங்வே வந்தார், 1983இல் முதன்முறையாக பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று, கண்டார்கள்.

கோப்பையை மட்டும் வைத்துப் பேசுபவர்கள் என்னை மடக்கலாம். டென்வரிலும் நிலைக்காமல் 1982இல் நியூ ஜெர்சிக்குப் போய் டெவில்ஸ் ஆன அந்த அணி 1995, 2000, 2003 என மூன்று முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. வாஷிங்டனுக்கு 2018 வரை காத்திருப்பு. அதுவும் முதல் ஆண்டு வேகாஸைத் தோற்கடித்து. ஆனால் அந்த மூன்று கோப்பைகளில் ஒன்றுகூட கெம்பர் அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்குச் சேரவில்லை. அணி போன பிறகு அந்த ஊருக்கு இன்னொரு என்.எச்.எல் அணி வரவே இல்லை. ஒரு புதிய அணியின் தொடக்கத்தை அந்த ஊர்க்காரர்கள் பக்கம் நின்றுதான் நான் அளப்பேன்.