டட்சன் 240இசட்: மூன்று எஞ்சின்களும் ஒரு பழைய பாடியும்

நிசான் கம்பெனி டட்சன் என்ற பெயரில் விற்ற ஸ்போர்ட்ஸ் காரான 240இசட் அமெரிக்காவில் 1970 மாடலாக இறங்கியபோது விலை 3,526 டாலர். நீண்ட பானெட்டுக்குள் 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர் எல்24 எஞ்சின். கம்பெனி சொன்ன கணக்கு 151 குதிரைத்திறன். அந்த வண்டியை இன்று துருவோடு வாங்கி எஞ்சின் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் தேர்வு செய்கிறார்கள்: அதே குடும்பத்து எல்28, நிசான் ஸ்கைலைனின் ஆர்பி25 டர்போ, செவர்லேயின் எல்எஸ்1 வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்). எதைப் போடலாம் என்பதை வண்டியின் தகரம்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

அதனால் முதலில் பேட்டரி தட்டைக் கழற்றுங்கள். பல வருஷமாகச் சொட்டிய ஆசிட் அதற்குக் கீழே உள்ள சட்டத்தை அரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் சில வண்டிகளில் முனை உள்ளே போய்விடும். அடுத்து தரைத் தகரம், கதவுக்குக் கீழ்ப்பகுதி, பின் சக்கர வளைவின் முன்முனை. மேலே பட்டி பூசி மறைத்திருந்தால் ஒரு காந்தம் போதும், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் ஒட்டாது.

எல்28 வைத்தால் பாடியில் எதையும் வெட்ட வேண்டாம். எஞ்சினைத் தாங்கும் பழைய மவுண்டிலேயே உட்காரும், பழைய கியர்பாக்ஸோடும் சேரும். இன்னும் வேண்டுமென்றால் நிசானின் எல்டி28 டீசல் எஞ்சினின் 83 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) கிராங்கைப் போட்டு, சிலிண்டரை 89 மி.மீ. விட்டத்துக்குத் துளைத்தால் 3.1 லிட்டர் ஆகிவிடும். இதில் மிச்சமாகும் பணத்தை டிங்கரிங்கில் போடலாம்.

எல்எஸ்1 வேறு விஷயம். 5.7 லிட்டர், 1997 கார்வெட்டில் 345 குதிரைத்திறன். முன்பாரம் ஏறிவிடும் என்று பயப்படுகிறார்கள். ஆனால் பிளாக் அலுமினியம், நீளமும் குறைவு, ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்) பக்கம் தள்ளி உட்கார வைக்கலாம். எனக்குப் பயம் முறுக்குவிசையில்தான். எல்24இல் 200 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம், இதில் 475. பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஆர்180 டிஃபரன்ஷியல் தாங்காது, குறைந்தது அதைவிடப் பெரிய ஆர்200 வேண்டும். கியர்பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர் எல்லாமே மாறும். தரைக்கு அடியில் ஓடும் சட்டங்கள் 240இசட்டில் இருக்கைக்கு அடியிலேயே முடிந்துவிடுவதால், அவற்றைக் கனமான தகட்டில் பின்பக்கம் வரை நீட்டி வெல்ட் செய்யாமல் வி8 வைக்கக் கூடாது. பேட்ச் அடித்த தரை எல்28க்குப் போதும், இதற்குப் போதாது.

ஆர்பி25க்குச் சுமார் 250 குதிரைத்திறன். ஆறு சிலிண்டர் சத்தமும் நிசான் ரத்தமும் மாறாது, அது பெரிய ஆசைதான். ஆனால் இரும்பு பிளாக், மேலே டர்போ, தனி ஒயரிங். எல்எஸ்ஸுக்கு உண்டான வேலையில் பாதிக்கு மேல் இதற்கும் உண்டு. அந்தச் சத்தத்துக்காக ஏங்குபவர்களுக்கு மட்டும்தான் சொல்வேன்.

கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனை கிடையாது, அந்தத் தொல்லை எந்த எஞ்சினுக்கும் இல்லை.

அரிசோனா போன்ற வறண்ட ஊரில் கிடந்த நல்ல பாடி கிடைத்தால் எல்எஸ் வையுங்கள். துரு தின்ற வண்டிக்கு எல்28தான். எதுவானாலும் வெல்டிங் முடித்து, எஞ்சினையும் சைலன்சர் குழாயையும் ஒருமுறை பொருத்திப் பார்த்து, திரும்ப இறக்கிய பிறகே பெயின்ட் அடியுங்கள். முதலில் பெயின்ட் அடித்தால், மவுண்ட் வெல்ட் செய்யும்போது அது கருகிவிடும்.