நாற்பது வயதுக்கா, தொட்டிலுக்கா: ஆய்வு நிதியை எங்கே போட்டோம்

எங்கள் குடும்ப அறக்கட்டளை சிறியது. மருத்துவ ஆய்வுக்கென்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தொகை ஒதுக்குவோம்; அதையும் இரண்டாகப் பிரித்தால் யாருக்கும் உதவாது. சென்ற முறை மேசைக்கு வந்தவை இரண்டு விண்ணப்பங்கள். இரண்டின் நோக்கமும் நீரிழிவையும் இதய நோயையும் வருமுன் தடுப்பதுதான். ஒன்று, 'சர்க்கரை பார்டரில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று டாக்டர் சொல்லி அனுப்பும் நடுவயதுக்காரர்களுக்கான மூன்று ஆண்டுச் சோதனை. மற்றது, தாய் வயிற்றில் இருந்தபோதே பதிவுசெய்யப்பட்டு, இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் பழைய ஆய்வு. நான் டாக்டர் இல்லை. வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவன், அறக்கட்டளையில் பொருளாளர். இரண்டாவதற்குத்தான் கை தூக்கினேன்.

முதலாவதன் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு, சர்க்கரை பார்டரில் இருந்த 531 பேரிடம் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2006இல் வெளியானது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றே ஆண்டில் நீரிழிவு வந்துவிட்டது. நடை, உணவு என்று விடாமல் வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதம். கூடவே மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்ததில் மேலும் பலன் இல்லை. அதே குழு பின்னர் 537 ஆண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு நடை, உணவு பற்றிக் குறுஞ்செய்தி அனுப்பிவந்தது. இரண்டு ஆண்டில் மறுபாதியில் 27 சதவீதம் பேருக்கு நீரிழிவு. செய்தி பெற்றவர்களில் 18. செலவு குறைவு, விடை சீக்கிரம். கணக்குப் பார்ப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த 39 என்னை விடவில்லை. நடையாய் நடந்தும் நூற்றில் 39 பேர் தப்பவில்லை என்றால், கோளாறு நாற்பது வயதில் தொடங்கியதாக இருக்க முடியாதே. புனே கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993இல் ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5. எடையில் இவ்வளவு குறைந்தும், தோலடிக் கொழுப்பில் மட்டும் நம் குழந்தைகள் அந்த அளவுக்குப் பின்தங்கவில்லை. ஒல்லியான உடம்பு, உள்ளே கொழுப்பு: நீரிழிவுக்கான வித்து அங்கேயே விழுகிறது என்பது அவர் கருத்து. அந்தக் குழந்தைகளே பதின்பருவத்துக்கு வந்தபோது, அவர்கள் பெற்றோராகும் முன்பே பி12 வைட்டமின் கொடுத்துப் பார்க்கும் சோதனை 2012இல் தொடங்கியது. 1993இல் பெயர் எழுதி வைத்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது.

இதெல்லாம் அறிவியல். என் ஓட்டைத் தீர்மானித்தது பராமரிப்புச் செலவு.

விண்ணப்பித்த பழைய ஆய்வின் களத்துக்கு ஒருநாள் போனேன். பதினாறு ஆண்டாக அங்கே களப்பணி செய்யும் அம்மாள் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே நான்கு முகவரிகள், மூன்று அடிக்கப்பட்டிருந்தன. முதல் வரியில் 'புளியமரத்து வீடு'. பக்கத்தில் வேறு மையில்: 'மரம் இல்லை, செல்போன் டவர் உண்டு'. "கல்யாணமாகி ஈரோடு போய்விட்டது சார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரும், அப்போது பிடித்துவிடலாம்" என்றார். எந்த மாதம் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணின் தம்பிதான் அந்தத் தெருவுக்குப் பால் ஊற்றுகிறான். இந்த அம்மாளுக்கு ஒரே ஒரு வருடம் சம்பளம் நின்றால் வேறு வேலைக்குப் போய்விடுவார். பிறகு அந்தப் பதிவேடு வெறும் காகிதம். பக்கத்து அறையில் மைனஸ் 80 டிகிரியில் ரத்த மாதிரிகள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல். பெரிய நிதி அமைப்புகள் புதிய கேள்விக்குப் பணம் தருகின்றன. டீசலுக்கு யார் தருகிறார்கள்?

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமே இதற்குத் தப்பவில்லை. 1948இல் 5,209 பேருடன் தொடங்கிய அந்த இதய ஆய்வை, இருபது ஆண்டு கழித்துப் 'போதும்' என்று அரசு இழுத்து மூடப் பார்த்தது. தனியார் நன்கொடை திரட்டிக் காப்பாற்றினார்கள். இன்று பேரப்பிள்ளைகள் தலைமுறையும் அதில் இருக்கிறது. நடுவயதுச் சோதனையை இந்த ஆண்டு விட்டால் அடுத்த ஆண்டு தொடங்கலாம், பார்டரில் ஆட்களுக்கா பஞ்சம்? தொலைந்துபோன இருபது ஆண்டை எந்த வட்டி விகிதத்திலும் திரும்ப வாங்க முடியாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விண்ணப்பம் புதிதாகக் குழந்தைகளைச் சேர்த்துத் தொடங்குவதாக இருந்திருந்தால், என் கை நடுவயதுப் பக்கம்தான் உயர்ந்திருக்கும். ஒரு லட்சம் குழந்தைகளைப் பின்தொடரத் திட்டமிட்ட அமெரிக்கத் தேசியக் குழந்தைகள் ஆய்வு, நூறு கோடி டாலருக்கு மேல் விழுங்கிவிட்டு 2014 டிசம்பரில் கைவிடப்பட்டது. பிரிட்டனின் 'லைஃப் ஸ்டடி' 80,000 குழந்தைகளுக்குத் திட்டம் போட்டு, 249 பெண்கள் சேர்ந்த நிலையில் 2015இல் மூடப்பட்டது. நாற்று விடும் செலவை நாங்கள் தாங்க மாட்டோம். நிற்கிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், அவ்வளவுதான்.  சோதனை நடத்துவதன் கஷ்டநஷ்டங்களை நான் கிட்ட இருந்து பார்த்ததில்லை.

கூட்டத்தில் மூன்றுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த இருவரில் ஒருவர் என் மைத்துனர். அவருக்கே பார்டரில் இருக்கிறது. பணத்தை மொத்தமாகத் தராமல் ஐந்து சம தவணையாகத் தருகிறோம். ஒவ்வொரு தவணைக்கும் முன்பு நாங்கள் கேட்பது கட்டுரைப் பட்டியலை அல்ல. அந்த ஆண்டில் எத்தனை முகவரிகளை நேரில் போய்ச் சரிபார்த்தார்கள் என்ற கணக்கையும், டீசல் பில்லையும்.