கான்தலா, நிக்ரோமா: எந்தக் கம்பி முதலில் சூடேறும்?

வேப் (மின்-சிகரெட்) கருவிகளில் திரவத்தை ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயிலைத் தாமே சுற்றுவோரிடம், கான்தலைவிட நிக்ரோம் விரைவாகச் சூடேறும் என்ற கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எதைச் சமமாக வைத்து ஒப்பிடுகிறோம் என்று கேட்காமல் அதை ஏற்பது தவறு என்றே நான் கருதுகிறேன்.

கான்தல் ஏ1 இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை. நிக்ரோம் 80-இல் நிக்கல் 80 விழுக்காடு, மீதி குரோமியம். மின்தடை எண் கான்தலுக்கு 1.45 மைக்ரோ ஓம் மீட்டர், நிக்ரோமுக்கு 1.09. ஒரு கிராமை ஒரு டிகிரி சூடேற்ற இரண்டுக்கும் ஏறத்தாழ 0.46 ஜூல் போதும். ஆனால் நிக்ரோமின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.3 கிராம், கான்தலுடையது 7.1. ஆகவே தடிமன், நீளம், வாட் மூன்றும் ஒன்றாக இருந்தால், எடை குறைந்த கான்தலே முந்துகிறது. ஒரே ஓம் வரும்படி சுற்றினாலோ நிக்ரோமுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நீளமும், ஒன்றரை மடங்குக்குச் சற்று மிகுந்த எடையும் தேவைப்படுவதால், அது இன்னும் பின்தங்குகிறது.

அப்படியானால் நிக்ரோமின் நற்பெயர் எங்கிருந்து வந்தது? கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாத மெக்கானிக்கல் கருவியில் பேட்டரியின் வோல்ட்டேஜ் நேரே காயிலுக்குப் போகிறது. அங்கே ஒரே எண்ணிக்கையில் சுற்றிய நிக்ரோம், மின்தடை குறைந்திருப்பதால், சுமார் 33 விழுக்காடு கூடுதல் திறனை இழுக்கிறது. சூடேற்ற வேண்டிய சுமை 17 விழுக்காடே கூடுகிறது. இந்த வேகத்துக்கு விலை பேட்டரியின் மீது ஏறும் கூடுதல் மின்னோட்டம். அதன் ஆம்பியர் வரம்பைப் பார்க்காமல் இப்படிச் சுற்றுவது ஆபத்து. வாட்டைக் குறித்து இயக்கும் கருவியில் இந்த ஆதாயம் மறைந்துவிடுகிறது.

உண்மையில் உலோகத்தைவிடத் தடிமனே வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 28 கேஜ் கம்பியை விட்டு, அதைவிடத் தடித்த 24 கேஜுக்கு (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) மாறி அதே ஓமை எட்ட முயன்றால், கம்பியின் எடை 6 மடங்குக்கு மேல் பெருகும். அதை அதே வாட்டில் சூடேற்றக் காத்திருக்கத்தான் வேண்டும். காயிலுக்குத் திரவத்தைக் கொண்டுவரும் ஈரப் பஞ்சும் தன் பங்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது.

காயிலுக்குப் பயன்படும் மற்றொரு கம்பியான 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகின் நிலை வேறு. சூடேறச் சூடேற அதன் மின்தடை தெளிவாக உயர்வதால், கருவி அதை அளந்து வெப்பநிலையைக் கணிக்க முடிகிறது; எனவே தொடக்கத்தில் மிகுந்த திறனைக் கொடுத்து, குறித்த வெப்பநிலையில் குறைத்துக்கொள்ளலாம். கான்தலின் மின்தடை ஏறக்குறைய மாறாததால் அதில் இது நடக்காது.

வாட் முறையில் இயங்கும் கருவிக்கு நான் 28 கேஜ் கான்தலையே தேர்வேன். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இம்மூன்றில் அதுவே பொருந்தும், ஏனெனில் 316எல் எஃகிலும் 10 விழுக்காட்டுக்குக் குறையாத நிக்கல் இருக்கிறது.